தோட்டாவின் வேகத்தை அளந்தவர், கடலூரில் இறந்தவர்: யார் இந்த பெஞ்சமின் ராபின்ஸ்?

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அனுபவசாலிகளைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒன்று தெரியும். சுடுவதைவிட எழுதுவதற்குத்தான் அவர்கள் அதிக நேரம் செலவிடுகிறார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வது பலருக்குப் பொழுதுபோக்கு. 'ஹேண்ட்லோட்' என்பார்கள். வெடிமருந்தின் அளவைத் துளித்துளியாக மாற்றி, ஒவ்வொரு அளவுக்கும் சில ரவுண்டு சுட்டு, குரோனோகிராஃப் கருவி காட்டும் வேகத்தை நோட்டில் குறித்துக்கொள்வார்கள். எந்த அளவில் வேகம் சீராக இருக்கிறது, எந்த அளவில் குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழுகின்றன என்பதுதான் அவர்களின் தேடல்.

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை, ரிசல்ட்டை அள.

ஆனால் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் போகும் குண்டை, எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத காலத்தில் எப்படி அளந்தார்கள்? அதற்கு நம்பகமான வழியைக் காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். துப்பாக்கியையும் பீரங்கியையும் பற்றிய அறிவியலான 'பாலிஸ்டிக்ஸ்', கணக்கும் சோதனையும் சேர்ந்த துறையாக மாறியது இவரிடமிருந்துதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அவருடைய வாழ்க்கை முடிந்த இடம், இன்றைய கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம்.

குவேக்கர் வீட்டுப் பையன்

ராபின்ஸ் 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார். வசதி இல்லாத குடும்பம். பெற்றோர் குவேக்கர்கள். போரும் ஆயுதமும் கூடாது என்பதை நம்பிக்கையாகவே வைத்திருக்கும் கிறிஸ்தவப் பிரிவு அது. அந்த வீட்டிலிருந்து வந்தவர்தான் பின்னாளில் துப்பாக்கியின் கணக்கை எழுதினார்.

கணிதத்தைப் பெரும்பாலும் தானாகவே படித்துக்கொண்டார். அவருடைய திறமையைப் பார்த்த ஹென்றி பெம்பர்டன் என்ற அறிஞர் லண்டனுக்கு வரச் சொன்னார். நியூட்டனின் 'பிரின்சிபியா' மூன்றாம் பதிப்பைத் தயாரித்தவர் இந்த பெம்பர்டன். 1727-ல், சுமார் 20 வயதிலேயே, ராபின்ஸ் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பட்டம் கிடையாது, சொத்து கிடையாது. டியூஷன் எடுத்துதான் பிழைப்பு. குவேக்கர்களின் எளிய உடையையும் வழக்கத்தையும் போகப்போக விட்டுவிட்டார்.

கிடைக்காமல் போன வேலை

1741-ல் பிரிட்டன் தன் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குப் பாடம் சொல்லித்தர வூல்விச்சில் ராயல் மிலிட்டரி அகாடமியைத் தொடங்கியது. ராபின்ஸுக்கு அங்கே பேராசிரியர் பதவி மேல் ஆசை. அதற்காகப் பாடக்குறிப்புகளையும் தயார் செய்தார்.

ஆனால் அவருக்கு ஒரு பின்னணி இருந்தது. பிரதமர் ராபர்ட் வால்போலை எதிர்த்து 1739-ல் துண்டுப் பிரசுரங்கள் எழுதியவர் அவர். வால்போல் பதவி விலகிய பிறகு அவர் மீது விசாரணை நடத்திய நாடாளுமன்ற ரகசியக் குழுவுக்கும் ராபின்ஸ்தான் செயலாளர். அகாடமி வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய அரசியல்தான் குறுக்கே நின்றது என்று கருதப்படுகிறது.

கையில் இருந்த குறிப்புகளை அவர் வீணாக்கவில்லை. 1742-ல் புத்தகமாக வெளியிட்டார். பெயர் 'நியூ பிரின்சிபிள்ஸ் ஆஃப் கன்னரி'. சிறிய புத்தகம்தான். ஐரோப்பாவின் பீரங்கிக் கணக்கை அது தலைகீழாகத் திருப்பியது.

17 மைலா, அரை மைலா?

அதுவரை இருந்த நிலைமை என்ன? எறியப்பட்ட பொருள் பரவளையப் பாதையில் போகும் என்று 1638-ல் கலிலியோ எழுதியிருந்தார். காற்று தடுக்கும் என்பது நியூட்டனுக்கும் ஹைகன்ஸுக்கும் தெரியும். ஆனாலும் இரும்பு, ஈயம் மாதிரி கனமான குண்டுக்குக் காற்றெல்லாம் ஒரு பொருட்டா என்று பீரங்கி நூல்கள் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டன.

ராபின்ஸ் கேட்டது எளிய கேள்வி. யாராவது அளந்து பார்த்தீர்களா?

அவர் அளந்தார். முக்கால் அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டு, எடை சுமார் 38 கிராம். அது துப்பாக்கிக் குழலை விட்டுக் கிளம்பும் வேகம் விநாடிக்கு சுமார் 1,700 அடி. நம் கணக்கில் மணிக்கு 1,800 கிலோமீட்டருக்கும் மேல்.

இப்போது பள்ளிக்கூட ஃபார்முலாவைப் போட்டுப் பார்ப்போம். காற்றே இல்லாவிட்டால், 45 டிகிரி கோணத்தில் சுட்ட இந்தக் குண்டு எவ்வளவு தூரம் போக வேண்டும்? சுமார் 17 மைல், அதாவது 27 கிலோமீட்டர். கடலூரில் நின்று சுட்டால் புதுச்சேரியைத் தாண்டி விழ வேண்டும்! நிஜத்தில் அது அரை மைலைக்கூட எட்டவில்லை.

மீதி தூரத்தை விழுங்கியது காற்று. அந்த வேகத்தில் குண்டின் மீது காற்று கொடுக்கும் தடை, குண்டின் எடையைப் போல சுமார் 120 மடங்கு என்று ராபின்ஸ் கணக்கிட்டார். பொருட்டே இல்லை என்று ஒதுக்கப்பட்ட விஷயம்தான் முடிவையே தீர்மானித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றையும் அவர் கவனித்தார். குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடை திடீரென்று எகிறுகிறது. சூப்பர்சானிக் விமானம் கட்டியவர்கள் மல்லுக்கட்டிய பிரச்சினையை, விமானமே இல்லாத காலத்தில் ஒருவர் பார்த்துவிட்டார்.

எப்படி அளந்தார்?

அவருடைய கருவி 'பாலிஸ்டிக் பெண்டுலம்'. சிம்பிளாகச் சொன்னால், கனமான ஓர் ஊஞ்சல்.

மூன்று கால் தாங்கியில் இரும்புத் தகடு ஒன்று தொங்கும். அதில் தடித்த மரக்கட்டை பொருத்தப்பட்டிருக்கும். மொத்த எடை சுமார் 25 கிலோ. குண்டு மரத்தில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிடும். அந்த உந்தத்தில் ஊசல் பின்னால் போகும். அடியில் கட்டியிருக்கும் நாடா எவ்வளவு நீளம் இழுபட்டிருக்கிறது என்று பார்த்தால், ஊசல் எவ்வளவு தூரம் ஆடியது என்று தெரிந்துவிடும்.

இதில் என்ன சாமர்த்தியம்? குண்டைவிட ஊசல் ஏறக்குறைய 670 மடங்கு கனம். எனவே அடிபட்டதும் அது நகரும் வேகமும், தோராயமாக, குண்டின் வேகத்தில் 670-ல் ஒரு பங்குதான். விநாடிக்கு 1,700 அடி என்பது விநாடிக்கு இரண்டரை அடி ஆகிவிடுகிறது. கண்ணால் பார்க்கலாம், நாடாவால் அளக்கலாம். பிடிக்க முடியாத எண்ணை, பிடிக்கக்கூடிய எண்ணாக மாற்றிவிட்டார்.

மருந்தைக் கூட்டினால் வேகம் கூடுமா?

வேகத்தை அளக்க வழி கிடைத்த பிறகு, ராபின்ஸ் இன்றைய ஹேண்ட்லோட்காரர்கள் செய்வதையே செய்தார். வெடிமருந்தின் அளவை மாற்றினார். குழலின் நீளத்தை மாற்றினார். ஒவ்வொரு முறையும் ஊசலைப் பார்த்தார்.

வெடிமருந்து எரிந்தால் வாயு உண்டாகிறது. ஆறிய நிலையில் அந்த வாயு, மருந்தின் கன அளவைப் போல சுமார் 244 மடங்கு இடம் பிடிக்கும் என்று அவர் அளந்தார். எரியும் சூட்டில் இது இன்னும் நான்கு மடங்கு. அதாவது குழலுக்குள் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1,000 மடங்கு அழுத்தம். இந்த அழுத்தம் குண்டைத் தள்ளத் தள்ள எப்படிக் குறைகிறது என்று கணக்குப் போட்டு, குண்டு கிளம்பும் வேகத்தை முன்கூட்டியே சொன்னார். பிறகு சுட்டுப் பார்த்தார். இரண்டும் நெருங்கி வந்தன.

இந்தக் கணக்கிலிருந்து வந்த முக்கியமான பாடம், மருந்தை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது என்பது. அவருடைய கணக்குப்படியே 41 சதவீதம்கூடக் கூடாது. அதிகமாகப் போட்டால் குழலுக்கும் தோளுக்கும்தான் அடி. ரேஞ்சில் நிற்பவர்கள் இன்றும் அதிக மருந்தைத் தேடாமல் சரியான மருந்தைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாமே சரியாக இருந்தது என்று சொல்ல முடியாது. குண்டு நகரத் தொடங்கும் முன்பே மருந்து முழுவதும் எரிந்துவிடும் என்று அவர் எடுத்துக்கொண்டார். உண்மையில் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எரிகிறது. ஆனால் எங்கே தவறு என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், எண்களை அவர் வெளிப்படையாக வைத்ததுதான்.

வளைந்த குழல், வளைந்த பாதை

ஒரே துப்பாக்கி, ஒரே மருந்து, ஒரே குறி. ஆனாலும் குண்டுகள் ஏன் இடமும் வலமுமாகச் சிதறுகின்றன? குழலுக்குள் உரசி வரும்போது குண்டு தாறுமாறாகச் சுழல்கிறது, அந்தச் சுழற்சி காற்றில் அதை ஒதுக்கித் தள்ளுகிறது என்றார் ராபின்ஸ்.

நிரூபிக்க அவர் செய்த சோதனை ரசிக்கத்தக்கது. துப்பாக்கிக் குழலின் முனையை லேசாக இடப்பக்கம் வளைத்தார். எதிரே மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்திச் சுட்டார். குண்டு எதிர்பார்த்தபடி இடப்பக்கம்தான் கிளம்பியது. போகப்போக வளைந்து, கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய் விழுந்தது! குழலின் வலச்சுவரில் உருண்டு வந்ததால் கிடைத்த சுழற்சிதான் காரணம். கிரிக்கெட்டில் ஸ்பின்னரின் பந்து காற்றிலேயே விலகுவதும் இதே விளைவால்தான். ஜெர்மன் விஞ்ஞானி மேக்னஸ் 1852-ல் இதை ஆராய்ந்ததால் 'மேக்னஸ் விளைவு' என்று பெயர் நிலைத்துவிட்டது.

தாறுமாறான சுழற்சி பிரச்சினை என்றால், ஒழுங்கான சுழற்சி தீர்வாகுமா? ஆகும். குழலுக்குள் திருகு மாதிரி பள்ளங்கள் வெட்டினால், குண்டு தான் போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும், நேராகப் போகும். அதுதான் ரைஃபிள். வேட்டைக்காரர்கள் கையில் அது ஏற்கெனவே இருந்தது. ஏன் வேலை செய்கிறது என்று விளக்கியவர் ராபின்ஸ். முட்டை வடிவக் குண்டு இன்னும் நன்றாக இருக்கும் என்றும் யோசனை சொன்னார். ரைஃபிளை முழுதாகப் புரிந்துகொண்டு தன் படைக்குக் கொடுக்கும் நாடு மற்ற நாடுகளை மிஞ்சிவிடும் என்று 1747-ல் எச்சரித்தார். அதற்கு முந்தைய ஆண்டே ராயல் சொசைட்டி தன் உயரிய காப்லி பதக்கத்தை அவருக்குக் கொடுத்திருந்தது.

தாக்கப்பட்டவரே மொழிபெயர்த்தார்

1739-ல் ராபின்ஸ், அந்தக் காலத்தின் மாபெரும் கணித மேதை லியோனார்ட் ஆய்லரின் இயக்கவியல் நூலைக் கடுமையாக விமர்சித்து எழுதியிருந்தார். ஆனால் அதே ஆய்லர்தான் 1745-ல் ராபின்ஸின் புத்தகத்தை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான விளக்கக் குறிப்புகளையும் சேர்த்தார். சுழற்சியால் குண்டு வளைகிறது என்பதை மட்டும் ஆய்லர் ஏற்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் ராபின்ஸ் சொன்னதுதான் சரி என்பது பின்னால் உறுதியானது.

1783-ல் இந்த நூலைப் பிரெஞ்சில் கொண்டுவந்த லொம்பார், ஒஸோன் பீரங்கிப் பள்ளியின் பேராசிரியர். 1788-ல் அந்தப் பள்ளியில் பயின்ற இளம் லெஃப்டினன்ட்களில் ஒருவர் நெப்போலியன் போனபார்ட்.

கடலூருக்கு ஏன் வந்தார்?

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைக் கைப்பற்றினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறியது. 1749-ல் உடன்படிக்கைப்படி மெட்ராஸ் திரும்பக் கிடைத்தது. ஆனால் கோட்டைகள் பலவீனமானவை என்பது கம்பெனிக்கு உறைத்துவிட்டது. அவற்றைச் சீரமைக்கத் தலைமைப் பொறியாளராக ராபின்ஸை நியமித்தது. 1750 ஜூலையில் அவர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

வந்த இடத்துக்கும் பீரங்கிக் குண்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1690-ல் கம்பெனி இந்தக் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. பல திசைகளிலும் பீரங்கியைச் சுட்டு எல்லை குறித்தார்கள். அப்படிப் பறிபோன ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வி, லண்டனில் ஒருவருக்கு அறிவியல். இங்கே விவசாயிகளுக்கு, நாளை முதல் வரியை யாரிடம் கட்டுவது என்ற கேள்வி.

ராபின்ஸ் செயின்ட் டேவிட், மெட்ராஸ் கோட்டைகளுக்குத் திட்டம் வரைந்தார். வந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் கண்டது. தேறினார், மறுபடியும் விழுந்தார். 1751 ஜூலை 29 அன்று இறந்தார். வயது சுமார் 44. கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது பேனாவும் கையுமாக உயிர் போனதாகச் சொல்லப்படுகிறது. சில வாரங்களில் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக்குப் படையோடு கிளம்பினார். ராபின்ஸ் பலப்படுத்த வந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தார்கள்.

அதன் பிறகு?

அவருக்கு வேலை கிடைக்காத அதே வூல்விச் அகாடமியில், பேராசிரியர் சார்லஸ் ஹட்டன் பெரிய பீரங்கிகளை வைத்து ஊசல் சோதனைகளைத் தொடர்ந்தார். 1778-ல் அவருக்கும் காப்லி பதக்கம் கிடைத்தது.

ரைஃபிள் பற்றிய எச்சரிக்கை பலிக்க ஒரு நூற்றாண்டு ஆனது. பள்ளங்களில் இறுக்கமாகப் பிடிக்கும் குண்டை வாய்வழியாக இடித்து ஏற்ற நேரம் பிடிக்கும் என்பதே தடையாக இருந்தது. சுலபமாக உள்ளே இறங்கி, சுடும்போது விரிந்து பள்ளத்தைப் பிடிக்கும் குண்டுகள் 19-ம் நூற்றாண்டின் நடுவில் வந்தன. அப்படிப்பட்ட என்ஃபீல்டு ரைஃபிளைச் சுடப் பழக்க, 1857-ல் டம்டம், அம்பாலா, சியால்கோட்டில் இந்தியச் சிப்பாய்களுக்குப் பயிற்சி தொடங்கியது. அளந்த மருந்தும் குண்டும் ஒரே காகிதத்தில் சுற்றிய தோட்டா. அதைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். அதில் பூசியது பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற சந்தேகம் என்ன ஆனது என்பது நாம் பள்ளியில் படித்த கதை.

ராபின்ஸ் கேட்டது குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை. அது யாரை நோக்கிப் போகிறது என்பது அவருடைய ஊசலில் பதிவாகும் விஷயம் இல்லை. டேட்டாவோடு வேலை பார்க்கும் நாம் அவரிடம் கற்க இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. எல்லோரும் நம்பும் ஃபார்முலாவையும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். அளந்த எண் யார் கைக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். முதலாவதை அவர் வாழ்க்கை சொல்கிறது. இரண்டாவதைக் குண்டு கிராமங்கள் சொல்கின்றன.