காற்றின் திசையறிந்த லிலியந்தால்

சிறிய வானூர்தியைச் செலுத்துவோர் பெரிதும் அஞ்சுவது தரையிறங்கும் பொழுதையே. ஓடுபாதை ஒரே திசையில் கிடக்கிறது. காற்றோ தன் விருப்பப்படி வீசுகிறது. குறுக்குக்காற்று வலுத்தால் எடை குறைந்த ஊர்தி பாதையைவிட்டு ஒதுங்கும். காற்று வரும் பக்கத்துச் சிறகு மேலெழும். மறுபக்கத்துச் சிறகு தரையில் மோதும். எந்திர வானூர்திகள் வெற்றி காணாத காலத்திலேயே இவ்விடரைத் தம் உடலால் அறிந்தவர், ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ லிலியந்தால்.

அவர் 1848ஆம் ஆண்டு மே 23 அன்று வட ஜெர்மனியின் ஆங்க்லாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர்ப் புல்வெளிகளில் செங்கால் நாரைகள் மிகுதி. அவை காற்றை எதிர்நோக்கி ஓடியே மேலெழுகின்றன என்பதைச் சிறுவன் ஓட்டோவும் தம்பி குஸ்தாவும் கண்டுகொண்டனர். பிற்காலத்தில் பெர்லினில் நீராவி எந்திரத் தொழிற்சாலை நடத்தியபோதும் நாரைகள் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. வளைந்த சிறகின்மீது காற்று செலுத்தும் விசையைப் பல ஆண்டுகள் அளந்து, 1889இல் பறவைகளின் பறத்தலைப் பற்றி நூலொன்று வெளியிட்டார்.

அளந்தது போதாது, பறந்தே பார்க்கவேண்டும் எனத் துணிந்தார். 1891இல் டெர்விட்ஸ் என்னும் ஊரின் மேட்டிலிருந்து, கிளைடர் எனப்படும் எந்திரமில்லா ஊர்தியில் பறந்தார். வில்லோ மரக்கொம்புகளில் பருத்தித்துணி போர்த்திய சிறகுகள் அவை. சட்டத்தைக் கைகளால் பற்றித் தொங்கியபடி, கால்களை அசைத்து உடலெடையை மாற்றுவதே அவருக்கிருந்த ஒரே கட்டுப்பாடு. தரையை நெருங்கும்போது உடலைப் பின்னுக்குத் தள்ளுவார். முன்பக்கம் நிமிரும், வேகம் தணியும், பாதங்கள் மெல்லப் படியும். பறவை இறங்கும் முறையும் இதுவேயன்றோ!

குறுக்குக்காற்று வந்தபோதுதான் சோதனை. வலச்சிறகு உயர்ந்து இடச்சிறகு தாழ்ந்தால், விழப்போகும் மனிதன் தரையில் ஊன்றிக்கொள்ளும் எண்ணத்தில் கால்களை இடப்பக்கமே நீட்டுவான். அது சாய்வை இன்னும் மிகுவிக்கும். உயர்ந்த சிறகின் பக்கமாகக் கால்களை வீசுவதே உய்யும் வழி. இயல்பூக்கத்துக்கு எதிரான இப்பழக்கத்தை அவர் விடாமுயற்சியால் உடலுக்குக் கற்பித்தார்.

குறுக்குக்காற்றைத் தவிர்க்கவும் ஒரு வழி கண்டார். 1894இல் பெர்லினை அடுத்த லிச்டர்ஃபெல்டேயில், செங்கற்சூளையின் கழிவுமண்ணைக் கொண்டு 15 மீட்டர் உயரத்தில் கூம்பு வடிவக் குன்றொன்றை எழுப்பினார். எத்திசையிலிருந்து காற்று வீசினாலும், உச்சியில் நின்று அத்திசைநோக்கித் திரும்பிப் பாயலாம்! நிலத்தையே காற்றுக்கேற்ப அமைத்த இந்த எளிய அறிவு, அவருடைய நுட்பமான கணக்குகளினும் வியப்புக்குரியது. ரினோவ் குன்றுகளில் 250 மீட்டர் தொலைவுவரை மிதந்தார். ஏறத்தாழ 2000 முறை பறந்தார். அவர் வானில் மிதக்கும் ஒளிப்படங்கள் உலக இதழ்களில் வெளிவந்தன.

ஆயினும், உடலெடையால் அடக்கக்கூடிய காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. 1896 ஆகஸ்ட் 9 அன்று ஷ்டோல்ன் அருகே கோலன்பெர்க் குன்றிலிருந்து பறந்தபோது, திடீரென எழுந்த காற்று ஊர்தியின் முகப்பை மேலே தள்ளியது. ஊர்தி வேகமிழந்து நின்றது. எடையை முன்னுக்குக் கொணர அவர் முயன்றும் பயனில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்து கழுத்தெலும்பு முறிந்தது. மறுநாள் பெர்லினில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 48.

அவரது மறைவுச் செய்தி அமெரிக்காவில் ஓர்வில், வில்பர் ரைட் சகோதரர்களின் சிந்தனையைத் தூண்டியது. உடலை அசைப்பதை விடுத்து, சிறகின் நுனிகளையே முறுக்கிச் சாய்வைத் திருத்தும் முறையை அவர்கள் வகுத்தனர். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களது எந்திர ஊர்தி நான்கு முறை பறந்தது. நான்காம் முறை இறங்கிய பிறகு, தரையில் நின்றிருந்த அவ்வூர்தியைக் காற்று புரட்டித் தள்ளி நொறுக்கியது.