அந்தப் பதினான்கு நாட்கள்

பத்து வயதுப் பையன் ஒருவன் கடையிலே பாண் திருடி அகப்பட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்து நீதவான்களுக்கு இதில் பெரிய தயக்கம் இருக்கவில்லை. ஏழு வயது கடந்த பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாம். வளர்ந்தவர்கள் கிடக்கும் சிறைச்சாலைக்கே அனுப்பலாம். களவிற் பழுத்தவர்களோடு சில கிழமைகள் இருந்த பையன், உள்ளே போகும்போது அறியாத தொழிலைக் கற்றுக்கொண்டு வெளியே வருவான்.

இதைப் பொறுக்கமாட்டாத பெண்மணி ஒருவர் இருந்தார். மேரி காப்பென்ரர் என்பது அவர் பெயர். 1807இல் எக்செற்றர் நகரில் பிறந்தவர். தந்தையார் யூனிற்றேரியன் சபைப் போதகர். அதனாலோ என்னவோ, நம்மவருட் பலர் இவரை அறியார். பிறிஸ்ரல் நகரில் வளர்ந்த இவர், 1846இல் அங்கே சேரிப் பிள்ளைகளுக்கென இலவசப் பாடசாலை ஒன்றைத் திறந்தார். கந்தையும் வெறுங்காலுமாய் வந்த அப்பிள்ளைகளுக்குச் சிறை வாசல் தூரமன்று.

1851இல் ஒரு நூல் எழுதினார். குற்றஞ் செய்த பிள்ளைக்குத் தேவை தண்டனையல்ல, வீட்டைப்போன்ற ஓரிடமும் படிப்பும் தொழிலுமே என்பது அவர் வாதம். கவனியாது விட்ட பெற்றோரிடம் செலவில் ஒரு பங்கை அறவிடவேண்டும் என்றும் கேட்டார். (பெற்றோரே, இது உங்கள் காதிலும் விழட்டும்!) எழுதியதோடு நில்லாமல், மறு ஆண்டே கிங்ஸ்வூட்டில் சீர்திருத்தப் பாடசாலை தொடங்கினார். ஆண் பெண் இருபாலாரையும் ஒன்றாய் வைத்தது சரிவரவில்லை. 1854இல் பெண்பிள்ளைகளுக்கு 'ரெட் லொட்ஜ்' என்ற தனி இல்லம் கிடைத்தது. கவிஞர் பைரனின் விதவை மனைவி வாங்கிக் கொடுத்த வீடு அது.

அதே 1854இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. பதினாறு வயதுக்குட்பட்டோரை இத்தகைய பாடசாலைக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அனுப்ப நீதவானுக்கு அதிகாரம் வந்தது. பெற்றோர் பணம் கட்டவேண்டுமென்பதும் சேர்ந்தது. ஆனால் அதற்குள் ஒரு முள்ளும் இருந்தது: பாடசாலைக்குப் போகுமுன் குறைந்தது 14 நாட்கள் சிறையில் இருந்தாகவேண்டும். குற்றத்துக்கு முதலில் தண்டனை, பிறகுதான் திருத்தம் என்பது சட்டஞ் செய்தோர் எண்ணம். சிறைக்கதவைக் கண்டு நடுங்கும் பிள்ளையை அதற்குப் பழக்கிவிட்டுப் பின் திருத்துவதா என்பது மேரியின் கேள்வி. இந்த 14 நாட்களை நீக்கும்படி அவர் விடாது வாதாடினார்.

1866இல் அது பத்து நாட்களாயிற்று. அவ்வாண்டே, ஐம்பத்தொன்பது வயதில் கப்பலேறி இந்தியா வந்து, சென்னை உட்படப் பல நகரங்களின் சிறைகளையும் பாடசாலைகளையும் பார்த்தார். பின்னும் மூன்றுமுறை வந்தார்.

1877இல் மேரி இறந்தபோதும் பத்து நாட்கள் பத்து நாட்களாகவே இருந்தன. 1893இல் அதை நீதவானின் விருப்பத்துக்கு விட்டார்கள். முற்றாக ஒழித்தது 1899இல்.