பட்டம் இல்லாத பறவை மனிதர்



நம்ம கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியாக ஆனைகட்டி போனால், அங்கே மலைக்காட்டில் ஒரு பறவை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1990-ல் அது தொடங்கியபோது வைத்த பெயர் சாலிம் அலி. யாருங்க இந்த சாலிம் அலி? பெரிய பெரிய பட்டங்களோடு வந்த விஞ்ஞானி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத ஒரே காரணத்துக்காக வேலை மறுக்கப்பட்டவர் அவர்! டிப்ளமோ படிக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது.

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார். மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தார். சின்ன வயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம். சாதாரண ஊர்க்குருவிக்கு அப்படி இருக்காதே! மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு, சிறுவன்தானே என்று விரட்டவில்லை. பறவையின் பெயரைச் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டி, படிக்கப் புத்தகமும் கொடுத்தார். அந்த ஒரு நாள் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

கல்லூரிப் படிப்பு அவருக்கு ஓடவில்லை. பாதியில் விட்டுவிட்டு பர்மா போய் குடும்பத்தின் சுரங்க, மரத் தொழிலைப் பார்த்தார். திரும்பி வந்து விலங்கியல் கொஞ்சம் படித்தார். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவை வல்லுநர் வேலைக்கு முயன்றபோது, பட்டம் இல்லை என்று கதவு மூடப்பட்டது. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை கிடைத்தது. 1928-ல் ஜெர்மனி போய் ஸ்ட்ரெசெமான் என்ற பறவையியல் பேராசிரியரிடம் தொழில் கற்றார். 1930-ல் திரும்பி வந்தால், பணமில்லை என்று அந்த வழிகாட்டி வேலையும் எடுக்கப்பட்டிருந்தது!

மனுசன் உட்கார்ந்து அழவில்லை. கடலோரத்தில் கிஹிம் என்ற ஊரில் தங்கியிருந்தபோது தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். நம்ம ஊர்க் கிணற்றோரங்களில் தொங்குமே, அதே கூடுதான். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும். பிறகு வேறு பெண்ணுக்காக அடுத்த கூட்டை ஆரம்பிக்கும் என்பதை வெளியிட்டார். அப்புறம் சமஸ்தானங்களிடம், சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டு ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று பறவைக் கணக்கெடுப்புக்குப் புறப்பட்டார். மனைவி தெஹ்மினாவும் கூடவே முகாம்களில் தங்கினார்.

இங்கேதான் நம்ம மெக்கானிக்கல் பாடம் வருகிறது. அந்தக் காலத்தில் பறவை ஆராய்ச்சிக்கு முக்கியக் கருவி ரவைத் துப்பாக்கி. 12 போர் என்றால் என்ன தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டை ஆக்கினால், ஓர் உருண்டை சரியாக நுழையும் குழாய். உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. குழாய் வாயில் உள்ள சிறு குறுக்கத்துக்குச் சோக் என்று பெயர் (டியூப்லைட் சோக் இல்லைங்க!). முழுச் சோக்கில் குறுக்கம் வெறும் 1 மி.மீ. அளவுதான். ஆனால் 40 கஜத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் ரவையில் சுமார் 70 சதவீதம் விழும். குறுக்கமே இல்லாத குழாயில் சுமார் 40 சதவீதம்.

அப்போ முழுச் சோக்தான் நல்லது என்று தோன்றும். அது தப்பு. பக்கத்தில் இருக்கும் சின்னப் பறவையை நெருக்கமான ரவை கிழித்துவிடும். அலகு போச்சு, இறகு போச்சு, அளவெடுக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் பறவை சேகரிப்பவர்கள் பொடி ரவை, குறைந்த மருந்து, சிறிய குழாய் என்று தேடினார்கள். பெரிய குழாய்க்குள் சிறிய உள்குழாய் செருகிச் சுட்டவர்களும் உண்டு.

இன்றைக்கு லைசென்ஸ் பெற்றுக் களிமண் தட்டு சுடும் விளையாட்டு வீரர்களுக்கு, மரையிட்டுத் திருகும் சோக் குழாய்கள் தனியாகவே விற்கின்றன. அதிலும் இதே பாடம்தான். மரை பொருந்த வேண்டும். கடைசி வரை திருகி உட்கார வேண்டும். சோக்கின் பின்வாய் துப்பாக்கிக் குழாயின் உள்விட்டத்தை விடச் சிறிதாக இருக்கக் கூடாது. இருந்தால் ரவை விளிம்பில் மோதிக் குழாய் கெட்டுவிடும். எஃகு ரவைக்கு மிக இறுக்கமான சோக் ஆகாது. கடைசியில் பெரிய தாளில் சுட்டு ஓட்டைகளை எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விலையும் பெயரும் அளவுகோல் அல்ல, வேலைதான் அளவுகோல்.

சாலிம் அலியும் வேலைக்கேற்ப கருவியை மாற்றினார். 1959 முதல் அவருடைய கழகம் உலக சுகாதார அமைப்பின் உதவியோடு வலசைப் பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையமிட்டு, உயிரோடு பறக்கவிட்டது. நம்ம கோடியக்கரையும் அப்படி வளையமிட்ட இடம். பறவை எங்கே போகிறது என்று செத்த பறவை சொல்லாது அல்லவா!

1941-ல் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் ஏராளமானவர்களைப் பறவை பார்க்க வைத்தது. டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய கையேடு 10 தொகுதிகள். 1976-ல் பத்ம விபூஷண், 1985-ல் மாநிலங்களவை நியமனம். 1987 ஜூன் 20-ல், தொண்ணூறாவது வயதில் காலமானார்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோவோடு வேலைக்குப் போகணுமா, பி.இ. சேரணுமா என்பது வீட்டில் தினமும் நடக்கும் பேச்சு. சாலிம் அலி கதையைக் காட்டி, பட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு வசதியான குடும்பம் பின்னால் இருந்தது. சம்பளம் இல்லாமல் காட்டுக்குப் போக முடிந்தது. நம்மில் பலருக்கு அது முடியாது. ஆனால் பட்டம் இல்லை என்று கதவை மூடியபோது, அவர் கற்பதை மூடவில்லை. அதற்கு மட்டும் காசு தேவையில்லை. பி.இ.யோ, பட்டறையோ, எது என் வேலைக்குப் பொருந்தும் என்று எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் பிரிவு