எமில் பிஷர்

பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் உள்ள புரதச் சத்தைப் பற்றிப் பேசாதவர் இன்று இல்லை. நமது தசையும் ரோமமும் நகமும் புரதமே. ஆனால் அச்சத்து எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்போமாயின், விடை தேடி ஜெர்மன் தேசத்து ரஸாயன ஆசிரியர் ஒருவரின் சரிதத்திற்கே நாம் செல்ல வேண்டியிருக்கிறது.

எமில் பிஷர் 1852-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி, பான் நகருக்கு அண்மையிலுள்ள ஆய்ஸ்கிர்ஹென் என்ற ஊரில் பிறந்தார். தந்தை தனவந்தரான வர்த்தகர். மகனை மர வியாபாரத்தில் பழக்கிப் பார்த்தார், பலிக்கவில்லை. வியாபாரத்திற்கு உதவாத பிள்ளை படிக்கவாவது போகட்டும் என்று விட்டுவிட்டார். அத்தந்தையின் ஏமாற்றத்திற்கு உலகம் கடமைப்பட்டிருக்கிறது. பிஷர் 1874-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் டாக்டர் பட்டம் பெற்றார். 1892-ல் பெர்லின் ஸர்வகலாசாலையின் ரஸாயன ஆசிரிய பீடத்தில் அமர்ந்தார். சர்க்கரை வகைகளின் அமைப்பைக் கண்டறிந்த பணிக்காகவும், பியூரின் என்னும் பொருள்களைப் பற்றிய பணிக்காகவும் 1902-ல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. அவ்வாராய்ச்சியில் அவருக்குப் பெருந்துணையாயிருந்த பினைல் ஹைட்ரஸீன் என்ற பொருளே நாளடைவில் அவர் தேகத்தை நஞ்சாய்ப் பற்றியது. மனைவியாரும் மணம் புரிந்து ஏழே ஆண்டுகளில், 1895-ல், மூன்று புதல்வரை விட்டு இறந்தார்.

வேறொருவராயின் இத்துடன் ஓய்ந்திருப்பார். இவரோ 1899-ல் புரதத்தைக் கையிலெடுத்தார். புரதத்தை அமிலத்திலிட்டுக் காய்ச்சினால் அது சிதைந்து அமினோ அமிலங்கள் என்ற சிறு பொருள்களாகும் என்பது முன்னரே தெரிந்ததுதான். ஆனால் அக்கலவையை வகை பிரிப்பது எளிதன்று. பிஷர் அவற்றை மதுசாரத்துடன் சேர்த்து எஸ்டர்களாக மாற்றி, காற்றழுத்தம் குறைந்த கலத்தில் வெவ்வேறு உஷ்ணத்தில் வடித்தெடுத்தார். இவ்வழியில் வாலீன், புரோலீன் முதலியன அகப்பட்டன.

சிதைந்தவை முன்பு எவ்வாறு இணைந்திருந்தன? ஒவ்வோர் அமினோ அமிலத்திற்கும் இரு முனைகள் உண்டு. ஒன்று அமிலத் தன்மையுடையது, மற்றொன்று காரத் தன்மையுடையது. ஒன்றின் அமில முனை மற்றொன்றின் கார முனையைப் பற்றும்போது ஒரு துளி நீர், அதாவது நீரின் ஓர் அணுத்திரள், விலகுகிறது; இரண்டும் பிணைகின்றன. பூத்தொடுப்பது போல இது தொடர்ந்து செல்லும். இருபது வகைப் பூக்களை வைத்துக்கொண்டு இயற்கை எண்ணற்ற மாலைகளைத் தொடுக்கிறது. இப்பிணைப்பை 1902-ம் ஆண்டு செப்டம்பரில் கார்ல்ஸ்பாட் மகாநாட்டில் பிஷர் வெளியிட்டார். அதே நாளில் காலையில் ஹாப்மைஸ்டர் என்ற ஆசிரியரும் அதையே கூறியிருந்தார்! ஓரடி நிலத்திற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடுவோரைக் கோர்ட்டில் கண்டு சலித்த நமக்கு, இருவர் பெயரையும் சேர்த்தே சரித்திரம் குறிப்பது ஆறுதலளிக்கிறது.

சொன்னதோடு நில்லாமல் பிஷர் செய்தும் காட்டினார். 1901-ல் இரண்டு கிளைஸின்களைப் பிணைத்தவர், 1907-ல் 15 கிளைஸினும் 3 லியூஸினும் கொண்ட பதினெட்டுக் கண்ணித் தொடர் ஒன்றைக் கட்டினார். ஆயினும் ஒரு விஷயத்தில் அவர் தவறினார். புரதத்தின் அணுத்திரள் எடை ஐயாயிரத்தைத் தாண்டாதென்று எண்ணினார். ரத்தத்தின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபினின் எடை அறுபதினாயிரத்திற்கும் அதிகம் என்று பின்னர் ஸ்வெட்பெர்க் நிறுத்துக் காட்டினார். இன்ஸுலினின் 51 கண்ணிகளும் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதைக் கேம்பிரிட்ஜில் ஸாங்கர் 1955-ல் முற்றும் வகுத்தார். பிஷர் கண்ட பிணைப்பின் இருபுறமும் தொடர் எவ்வெக்கோணங்களில் திரும்பக்கூடும் என்று 1963-ல் கணித்துரைத்தவர்கள் சென்னை ஸர்வகலாசாலையின் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களுமே என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள்.

1914-ல் யுத்தம் மூண்டது. பெல்ஜியத்தில் ஜெர்மன் படைகள் இழைத்த கொடுமைகளை மறுத்துத் தொண்ணூற்று மூவர் வெளியிட்ட அறிக்கையில் பிஷரும் கையொப்பமிட்டார். தேசபக்தி என்று சொல்லி நாம் அதை மழுப்பப் போவதில்லை. ஆராய்ச்சிச் சாலையில் சாட்சியமின்றி எதையும் ஒப்பாத அம்மனிதர் அங்கே சாட்சியம் கேளாமலே ஒப்பினார். தம் சாஸ்திர அறிவையும் யுத்தத்திற்கே அளித்தார். யுத்தம் அவருடைய புதல்வர் இருவரைப் பறித்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் கட்டாய ராணுவப் பயிற்சியைத் தாங்கமாட்டாது 25-வது வயதில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1919-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பிஷர் பெர்லினில் காலமானார். எஞ்சிய மூத்த புதல்வர் ஹெர்மன், தந்தையின் சாஸ்திரத்தையே கற்று, பிற்காலத்தில் அமெரிக்காவில் கலிபோர்னியா ஸர்வகலாசாலையில் ஆசிரியரானார். தந்தையின் புத்தகங்களும் அவருடன் அங்கே சென்றன.