குழந்தைக்கு ஃப்ரோசன் காய்கறி... இந்தச் சந்தேகத்துக்கு வயசு நூறு!

ஆறு மாசம் முடிஞ்சு குழந்தைக்குத் திட உணவு ஆரம்பிக்கும் வீடுகளில் ஒரு சின்ன விவாதம் வந்தே தீரும். ஃப்ரீசரிலிருந்து பட்டாணி பாக்கெட்டை எடுத்தால் போதும், ஐஸில் கிடந்ததையா பச்சப்புள்ளைக்குக் கொடுக்கப்போறே என்று பாட்டி முகம் சுளிப்பார். ஊட்டி கேரட்டை வாங்கி வந்து வேகவைப்பதுதானே முறை என்பார் அம்மா. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கும் இளம் தாய்க்கோ, தான் ஏதோ தப்பு பண்ணுகிறோமோ என்று குற்ற உணர்ச்சி.

பாட்டியின் சந்தேகம் புதுசு இல்லைங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவில் உறைய வைத்த உணவு என்றாலே மக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதில் நியாயமும் இருந்தது. அந்த நிலையை மாற்றியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனிதேசத்துக்குப் போன ஓர் அப்பா அவர்!

தவளை பிடித்த மாணவர்

1886 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார் பேர்ட்ஸ்ஐ. ஒன்பது பிள்ளைகளில் ஆறாவது. சின்ன வயசிலிருந்தே பறவை, பூச்சி, விலங்கு என்று சுற்றியவர். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்ததும் சக மாணவர்கள் வைத்த பட்டப்பெயரே 'பக்ஸ்', அதாவது பூச்சி. கைச்செலவுக்கு அவர் கண்டுபிடித்த வழியும் விநோதம்தான். தவளைகளைப் பிடித்து, பாம்புகளுக்கு இரையாக பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவுக்கு விற்றார்!

வீட்டில் பணக் கஷ்டம். படிப்பு பாதியில் நின்றது. அரசு வேலையில் சேர்ந்து அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் விலங்குகளை ஆராயும் பணி செய்தார். மான்டானா மாநிலத்தில் உண்ணிகளால் பரவிய ஒரு கொடிய காய்ச்சலைப் பற்றிய ஆய்வுக்காக, காட்டு விலங்குகளைப் பிடித்து அவற்றின் உடம்பிலிருந்து உண்ணிகளைச் சேகரித்தார். உயிருக்கே ஆபத்தான வேலை. மனுஷன் அசரவில்லை.

ஐந்து வாரக் குழந்தையும் முட்டைக்கோஸ் பீப்பாயும்

1912-ல் லாப்ரடாருக்குப் போனார். இன்றைய கனடாவின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் பனிப் பிரதேசம் அது. அங்கே நரி ரோம வியாபாரம். குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். கடல் உறைந்துவிட்டால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் காய்கறி கிடையாது.

1915-ல் எலினாரைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த வருஷம் மகன் கெல்லாக் பிறந்தான். குழந்தைக்கு ஐந்து வாரம் ஆனபோது, மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் லாப்ரடாருக்கே கிளம்பிவிட்டார்! தனியாக இருந்தவரை காய்ந்த மீனோ டின் உணவோ எதைத் தின்றாலும் காலம் ஓடும். இப்போது பாலூட்டும் மனைவியும் வளரும் பிள்ளையும் கூட இருக்கிறார்கள். மாதக்கணக்கில் நீளும் குளிர்காலத்துக்குக் காய்கறிக்கு எங்கே போவது?

அவருக்கு விடை காட்டியவர்கள் அந்த மண்ணின் இன்யூட் மக்கள். பனியில் துளையிட்டு அவர்கள் பிடிக்கும் மீன், தண்ணீரை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே கல் மாதிரி உறைந்துவிடும். மாசக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் அப்போது பிடித்த மீன் மாதிரியே இருக்கும். பேர்ட்ஸ்ஐ இன்னொன்றையும் கவனித்தார். கடுங்குளிரில் உறைந்த மீன், குளிர் குறைவான நாள்களில் மெதுவாக உறைந்ததைவிட ருசியாக இருந்தது. அப்படியென்றால் விஷயம் குளிரில் மட்டும் இல்லை, வேகத்திலும் இருக்கிறது!

உடனே காய்கறியில் சோதித்துப் பார்த்தார். கப்பலில் வந்த முட்டைக்கோஸை உப்புத் தண்ணீரோடு பீப்பாயில் அடுக்கடுக்காக வைத்து வெளிக் குளிரில் உறைய விட்டார். தேவைப்பட்டபோது கோடரியால் வெட்டி எடுத்துச் சமைத்தார்கள். இன்றைய ஃப்ரோசன் காய்கறியின் முன்னோடிகளில் ஒன்று அந்தப் பீப்பாய்.

வேகத்தில் என்ன ரகசியம்?

காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர்தான். மெதுவாக உறையும்போது அது பெரிய ஐஸ் படிகங்களாக மாறி செல் சுவர்களைக் கிழித்துவிடும். ஐஸ் உருகியதும் தண்ணீர் விட்டு, தொளதொளவென்று ஆகும். அன்றைய அமெரிக்கர்கள் வெறுத்த ஃப்ரோசன் உணவு இதுதான். வேகமாக உறைந்தால் படிகங்கள் மிகச் சிறியதாக இருக்கும், செல்லுக்குச் சேதம் குறைவு.

1917-ல் ஊர் திரும்பியவருக்கு இதை இயந்திரத்தில் கொண்டுவரும் ஆசை விடவில்லை. மின்விசிறி, உப்புநீர் வாளிகள், ஐஸ் கட்டிகள்... இதுதான் ஆரம்ப முதலீடு. 1923-ல் நியூயார்க்கில் மீன் கம்பெனி தொடங்கினார். அடுத்த வருஷமே திவால்! மனம் தளராமல் தன் ஆயுள் காப்பீட்டை வைத்துப் பணம் திரட்டி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மீன்பிடி ஊரான குளோஸ்டரில் மறுபடியும் ஆரம்பித்தார். அட்டைப் பெட்டியில் அடைத்த உணவை, கடும் குளிரூட்டப்பட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி உறைய வைக்கும் முறை அங்கே உருவானது.

காய்கறிகள் மீனைவிட அதிகம் படுத்தின. உறைந்த பிறகும் அவற்றிலுள்ள என்சைம்கள் மெதுவாக வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுத்தன. உறைய வைப்பதற்கு முன் சில நிமிடம் கொதிநீரிலோ ஆவியிலோ காட்டி எடுப்பது இதற்குத் தீர்வானது. இன்றும் ஃப்ரோசன் பட்டாணி பளிச்சென்ற பச்சையில் இருக்க இது ஒரு முக்கியக் காரணம்.

18 கடைகளில் ஒரு பரீட்சை

1929-ல் கம்பெனியும் காப்புரிமைகளும் 2.2 கோடி டாலருக்கு விலைபோயின. அவர் பெயரையே இரண்டாகப் பிரித்து 'பேர்ட்ஸ் ஐ' என்ற பிராண்டு வந்தது. 1930 மார்ச் 6 அன்று மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 18 கடைகளில் விற்பனை ஆரம்பம். பட்டாணி, கீரை, பழங்கள், மீன், இறைச்சி எல்லாம் இருந்தன. ஃப்ரோசன் என்ற சொல்லுக்கே கெட்ட பெயர் இருந்ததால், ஃப்ராஸ்டட் என்று மாற்றிச் சொல்லி விற்றார்கள்!

ஆனாலும் சட்டென்று பரவவில்லை. கடைகளில் ஃப்ரீசர் இல்லை, வீடுகளிலும் இல்லை. பிறகு கடைகளுக்கு ஃப்ரீசரை வாடகைக்குக் கொடுத்தார்கள். 1944-ல் குளிர் காக்கும் ரயில் பெட்டிகள் ஓட ஆரம்பித்தன. தொழிற்சாலை முதல் கடை வரை குளிர் அறுபடாமல் வந்த பிறகுதான் மக்களுக்கு நம்பிக்கை வந்தது. பேர்ட்ஸ்ஐயோ அடுத்தடுத்த வேலைகளுக்குப் போய்விட்டார். விளக்குகள் செய்தார், திமிங்கில ஈட்டி செய்தார், பெருவுக்குப் போய் கரும்புச் சக்கையிலிருந்து காகிதக்கூழ் எடுக்க முயன்றார். 1956 அக்டோபர் 7 அன்று மாரடைப்பால் இறந்தபோது வயது 69. அஸ்தியை குளோஸ்டர் கடலில் தூவினார்கள்.

நம்ம வீட்டு கிண்ணத்துக்கு வருவோம்

பேர்ட்ஸ்ஐயின் கதையிலிருந்து தாய்மார்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, சரியாக உறைய வைத்த காய்கறி சத்தில்லாத சக்கை கிடையாது. பறித்த சில மணி நேரத்தில் உறைந்த பட்டாணி, லாரியிலும் கடையிலும் நாலு நாள் வாடிய பட்டாணியைவிட வைட்டமின் சி விஷயத்தில் மேலாகவே இருக்கலாம். ஆகவே, குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இரண்டாவது, அவர் தீர்த்தது ருசி, பதம் பற்றிய பிரச்னையைத்தான். குளிர் கிருமிகளைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் ஃப்ரோசன் சோளம் வழியாக லிஸ்டீரியா கிருமி பரவி உயிரிழப்புகளே நடந்தன. எனவே பாட்டியின் சந்தேகத்தை ஒதுக்காமல் கீழே உள்ளவற்றில் காட்டுங்கள்.

* பாக்கெட்டில் காய்கறி மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பு, சர்க்கரை, சாஸ் கலந்தது குழந்தைக்கு வேண்டாம்.

* பட்டாணி தனித்தனியாக உருள வேண்டும். ஒரே கட்டியாகக் கெட்டித்திருந்தால், நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்க வாய்ப்புண்டு. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

* ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கட்டும். கரன்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். முழுசா உருகிப் போனதை மறுபடி உறைய வைத்து குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

* மேடையில் வைத்து உருக விடாமல், ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் ஆவி பறக்க நன்றாக வேகவையுங்கள். ஏற்கெனவே பாதி வெந்ததுதானே என்று வெந்நீரில் முக்கி எடுப்பது போதாது.

* பட்டாணியை மசித்து, வடிகட்டியில் தேய்த்துத் தோலை நீக்குங்கள். முழுப் பட்டாணியும் சோள மணியும் தொண்டையில் சிக்கலாம்.

* ஒரு நேரத்தில் ஒரு புதுக் காய். ஒத்துக்கொண்டதும் பருப்பு சாதத்தோடு மசித்துக் கொடுக்கலாம். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்ட பிறகே ஆரம்பியுங்கள்.

* ஃப்ரெஷ் கேரட்டை வேகவைத்து மசித்து, ஐஸ் டிரேயில் ஊற்றி நீங்களே உறைய வைக்கலாம். வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறைய வைக்கும். எப்படியும் மசித்த கூழ்தானே, பதம் கெடும் கவலை இல்லை. ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சாப்பிடும் முன் ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்து ஊட்டுங்கள்.

* குழந்தையின் ஸ்பூன் பட்ட மிச்சம் மறுபடி ஃப்ரிட்ஜுக்குப் போகக் கூடாது. எவ்வளவு ஆசையாகச் செய்ததாக இருந்தாலும் சரி, கொட்டிவிடுங்கள்!