வட்டுகள் அமைத்த தூண்கள்

சர் சி. வி. இராமனின் சகோதரி மகனாக 1930ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிறந்தவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் இவருடைய உறவினர். சாமராஜநகருக்கு அண்மையிலுள்ள மைசூருக்கு 1961இல் வந்த இவர், பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றினார். அங்கேயே நீர்மப் படிகங்களை ஆராயத் தொடங்கினார்.

நீர்மப் படிகம் நீரைப்போல் ஓடும். ஆயினும் அதன் மூலக்கூறுகள் படிகத்தில் உள்ளவைபோல் ஒழுங்குற்று நிற்கும். கணிப்பானின் திரையில் எண்களைக் காட்டுவது அதுவே. நீண்ட கோல் வடிவ மூலக்கூறுகளே இவ்வாறு ஒழுங்குறும் என்று அறிஞர் பலரும் அக்காலத்தில் கருதினர். வட்ட வடிவ மூலக்கூறுகளுக்கு அது இயலாதா என்று சந்திரசேகர் எண்ணினார்.

1971இல் பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் நீர்மப் படிக ஆய்வகத்தை அவர் தொடங்கினார். அங்கு அவரும் சதாசிவா, சுரேஷ் ஆகிய இருவரும் புதுவகைச் சேர்மங்களை ஆராய்ந்தனர். அவற்றின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நடுவே உறுதியான வட்டும், சுற்றிலும் வளைந்து நெளியும் ஆறு வால்களும் இருந்தன. தக்க வெப்பநிலையில், எவரும் அடுக்காமலே, அவை நாணயங்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து தூண்களாயின. வட்டின் உறுதி ஒழுங்கைத் தந்தது. வாலின் நெகிழ்ச்சி ஓட்டத்தைத் தந்தது.

1977இல் வெளியான இக்கண்டுபிடிப்பு உலக அறிஞர்களுக்குப் புதிய ஆய்வு வழியைத் திறந்தது. பின்னாளில், கணினித் திரையைப் பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகக் காண உதவும் மென்படலங்களில் வட்டு மூலக்கூறுகள் பயன்பட்டன. சந்திரசேகர் 2004இல் மறைந்தார். பலரும் ஐயமின்றி ஏற்றதை அவர் வினவியதால் பிறந்த அறிவு நிலைத்திருக்கிறது.