மன்றத்தில் ஒலித்த மலைக்குரல்

நுழையும்முன்

காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்களிடம் நிலம் இருந்தது; நிலத்திற்கான ஆவணம் இல்லை. ஆவணத்தோடு வந்தவர்கள் உரிமையாளராயினர். மண்ணின் மூத்த குடிகள் தம் மண்ணிலேயே கூலிகளாயினர். அம்மக்களின் உரிமையை நாட்டின் உயர்ந்த அவையில் எடுத்துரைத்த ஜெய்பால் சிங் முண்டாவின் வாழ்க்கையைக் கூறுகிறது இப்பாடம்.

பிறந்த மண்

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் குந்தி மாவட்டத்தில் உள்ள டாக்ரா என்னும் சிற்றூரில், 1903ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் முண்டா பழங்குடிக் குடும்பம் ஒன்றில் ஜெய்பால் சிங் பிறந்தார். ராஞ்சியைச் சூழ்ந்த சோட்டா நாக்பூர் பீடபூமி அவருடைய முன்னோர் வாழ்ந்த நிலம். காட்டை முதலில் திருத்திய குடும்பங்களின் வழியினர் அந்நிலத்தைக் கூட்டாக உடைமை கொள்வது முண்டாக்களின் மரபு. அதனைக் குந்த்கட்டி என்பர். ஆங்கிலேயர் ஆட்சியில் நிலக்கிழார்களும் வட்டிக்குக் கடன் கொடுப்போரும் உள்நுழைந்ததால் அம்மரபு சிதைந்தது. அதனை எதிர்த்து 1899இல் பிர்சா முண்டா தலைமையில் எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் ராஞ்சிச் சிறையில் உயிர்நீத்தார். எனினும் அக்கிளர்ச்சி வீண்போகவில்லை. பழங்குடியினர் நிலம் பிறர் கைக்கு மாறுவதற்குத் தடைகள் விதித்த சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் 1908இல் இயற்றப்பட்டது. அப்போது ஜெய்பாலுக்கு வயது ஐந்து.

கல்வியும் களமும்

ராஞ்சியின் புனித பவுல் பள்ளியில் பயின்ற அவருடைய அறிவுக்கூர்மையைக் கண்ட தலைமையாசிரியர், மேற்படிப்பிற்கு அவரை இங்கிலாந்து அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டின் புனித ஜான் கல்லூரியில் பொருளியல் கற்ற ஜெய்பால், பல்கலைக்கழக ஹாக்கி அணியிலும் சிறந்து விளங்கினார். இந்தியக் குடிமைப் பணிக்குத் தேர்வுபெற்றுப் பயிற்சியில் இருந்தபோது, 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை ஏற்கும் அழைப்பு வந்தது. பயிற்சியிலிருந்து விடுப்பு மறுக்கப்பட்ட நிலையிலும் அவர் ஆம்ஸ்டர்டாம் சென்றார். இந்திய அணி ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தது. எதிரணிகளால் ஒரு கோலும் அடிக்க இயலவில்லை. கருத்து வேறுபாட்டால் இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் களமிறங்கவில்லை என்றாலும், நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கம் அவர் தலைமை ஏற்ற அணிக்கே உரியதாயிற்று. பின்னர்ப் பயிற்சிக் காலத்தை நீட்டிக்க வேண்டும் என்னும் நிபந்தனையை ஏற்க மனமின்றி, பலரும் ஏங்கிய குடிமைப் பணியைத் துறந்தார். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் உள்ள அச்சிமோட்டா கல்லூரியிலும், ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரியிலும் கல்விப்பணி ஆற்றினார்.

மக்களிடம் திரும்புதல்

சோட்டா நாக்பூரின் மண்ணுக்கடியில் நிலக்கரியும் இரும்புத்தாதும் நிறைந்திருந்தன. சுரங்கங்களும் ஆலைகளும் பெருகின. அவற்றின் செல்வம் மண்ணுக்குரியவர்களைச் சென்றடையவில்லை. வாழ வழியற்றோர் அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். இந்நிலையில் 1939இல் ராஞ்சியில் கூடிய ஆதிவாசி மகாசபை ஜெய்பாலைத் தன் தலைவராக ஏற்றது. மக்கள் அவரை மராங் கோம்கே, அதாவது பெருந்தலைவர், என்று அன்போடு அழைத்தனர்.

அரசியல் நிர்ணய சபையில்

விடுதலையை எதிர்நோக்கிய இந்தியாவுக்கு அரசமைப்பை வகுக்கக் கூடிய அரசியல் நிர்ணய சபையில், பீகாரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜெய்பால் உறுப்பினராக அமர்ந்தார். 1946 டிசம்பர் 19 அன்று அவர் ஆற்றிய உரை குறிப்பிடத்தக்கது. காட்டினர் என்று பிறர் இகழும் மக்களுள் ஒருவராகவே அவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். ஊர் கூடி முடிவெடுக்கும் மரபில் வாழ்ந்த பழங்குடியினருக்கு மக்களாட்சியைக் கற்பிக்க வேண்டியதில்லை, பிறர்தாம் அவர்களிடம் அதனைக் கற்க வேண்டும் என்று வாதிட்டார். அவையில் பெண்கள் குறைவாக இருப்பதையும் சுட்டிக்காட்டினார்.

பழங்குடியினரைக் குறிக்க ஆதிவாசி என்னும் சொல்லே அரசமைப்பில் இடம்பெற வேண்டும் என்று அவர் விரும்பினார். மண்ணின் முதற்குடிகள் என்னும் உரிமை அச்சொல்லில் அடங்கியிருந்தது. அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. ஆயினும் சட்டமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு உறுதியாயிற்று. பழங்குடிப் பகுதிகளில் நிலம் கைமாறுவதையும் வட்டித் தொழிலையும் கட்டுப்படுத்த ஆளுநருக்கு அதிகாரம் அளிக்கும் ஐந்தாவது அட்டவணையும் இடம்பெற்றது.

எட்டாக் கனவு

ஜெய்பால் தொடங்கிய ஜார்க்கண்ட் கட்சி, 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களை வென்று முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. ஆனால், 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தனி மாநிலக் கோரிக்கையை ஏற்கவில்லை. கனிவளம் மிக்க பகுதி பிரிந்தால் பீகாரின் பொருளாதாரம் பாதிக்கப்படும் என்பதும் அதற்கு ஒரு காரணமாயிற்று. வளமே அம்மண்ணின் மக்களுக்குத் தடையாக நின்றது. கட்சி நலிந்தது; 1963இல் அதனைக் காங்கிரசுடன் இணைத்தார். இம்முடிவு தொண்டர் பலரை வருந்தச் செய்தது. இறுதிவரை நாடாளுமன்ற உறுப்பினராகப் பணியாற்றிய அவர், 1970 மார்ச் 20 அன்று மறைந்தார்.

விதைத்தவை முளைத்தன

பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் வழங்கும் சட்டம் 1996இல் நிறைவேறியது. பிர்சாவின் பிறந்தநாளான நவம்பர் 15 அன்று, 2000ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் மாநிலம் மலர்ந்தது. உலகின் தொல்குடிகளுக்குத் தம் நிலத்தின்மீதும் வளத்தின்மீதும் உரிமை உண்டு என ஐக்கிய நாடுகள் அவை 2007இல் அறிவித்தது. இவற்றுள் எதனையும் காண ஜெய்பால் உயிரோடு இல்லை. ஆயினும் ஒரு சுரங்கத்திற்கோ அணைக்கோ மலைவாழ் மக்களின் நிலம் கேட்கப்படும்போதெல்லாம், அம்மக்களின் இசைவு பெறப்பட்டதா, வருவாயில் அவர்களுக்குப் பங்கு உண்டா என்னும் வினாக்கள் இன்று எழுகின்றன. அவற்றை எழுப்புவோர் அவர் காட்டிய வழியில் நடப்பவர்களே.